பிரிண்டர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது: காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தை நாமே திறந்து சரிசெய்யலாமா?

கேள்வி கேட்டவர்: ஜெராக்ஸ்கடை_தென்காசி

எல்லோருக்கும் வணக்கம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே 11 வருடமாகச் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கருப்பு வெள்ளைக்கு ஒரு பழைய லேசர் பிரிண்டர், கலருக்கு 3 வருடத்துக்கு முன் வாங்கிய டேங்க் மாடல் இங்க்ஜெட். பிரச்சினை அந்தக் கலர் பிரிண்டரில்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், வருமானச் சான்றிதழுக்கு வந்த ஒரு பாட்டியின் ரேஷன் கார்டை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்ன ஆரம்பித்தன. கம்ப்யூட்டரில் ஒரு செய்தி வந்தது: உள்ளே இருக்கும் இங்க் பேடின் ஆயுள் முடிந்துவிட்டதாம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எதற்கும் அசையவில்லை. டேங்க் நாலிலும் முக்கால்வாசி இங்க் இருக்கிறது, இங்க்கைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் ஒரு கோடுகூட விடுபடவில்லை, அதற்கு முந்தின நிமிடம் வந்த தாள் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஸ்கேன்கூட எடுக்க விடவில்லை. ஸ்கேன் எடுப்பதற்கும் இங்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பேட் மாற்ற 2,600 ரூபாய், 10 நாள் ஆகும் என்றார்கள். அங்கே இருந்தவரே, 'இதற்குச் செலவு செய்வதற்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்' என்றார். ஜூன் மாதம் 10 நாள் கலர் பிரிண்ட் இல்லாமல் கடை நடத்துவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிக்கும் என் அண்ணன் மகன் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்குருவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டை வெளியே எடுத்தான். அதில் பஞ்சு மாதிரி ஒன்று இங்க்கில் ஊறிக் கிடந்தது, அதுதான் அந்த இங்க் பேடாம். இதைக் கழுவிப் போட்டுவிடலாம், ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது, அதைப் பூஜ்ஜியம் ஆக்கினால்தான் பிரிண்டர் வேலை செய்யும் என்கிறான். இணையத்தில் அதற்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம்.

அவன் சொல்வது உண்மையா? அப்படிச் செய்வது சட்டப்படி தப்பா? செய்தால் பிரிண்டருக்கு ஏதாவது ஆகுமா?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. எங்கள் அப்பா தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். மெஷினோடு ஒரு சின்னப் புத்தகம் வரும், எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் அப்பா தொழிலையே கற்றுக்கொண்டார். மெஷினை வாங்கினவர் அதைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பிரிண்டரோடு வந்த புத்தகத்தில் திறக்காதே, தொடாதே என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. 14,000 ரூபாய் கொடுத்தது நான். பிறகு அது யாருடைய பிரிண்டர்?

(கடையில் ஒரு பழைய ஸ்கேனரும் சும்மா கிடக்கிறது. புது விண்டோஸ் போட்ட நாளிலிருந்து கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்வதில்லை. அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.)


பதில் 1: சால்டரிங்_மதுரை

அக்கா, உங்கள் அண்ணன் மகன் சொன்னது முழுக்க உண்மை. 22 வருடமாகப் பிரிண்டர் சர்வீஸ் பார்க்கிறேன், மாதத்துக்கு ஏழெட்டு பிரிண்டராவது இதே பிரச்சினையோடு வரும்.

ஹெட் கிளீனிங் கொடுத்தால் பிரிண்டர் என்ன செய்கிறது என்றால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் குட்டிப் பம்பு இங்க்கை உறிஞ்சி அடைப்பை எடுக்கிறது. அந்த இங்க் எங்காவது போக வேண்டும் இல்லையா? ஒரு டியூப் வழியாகப் போய் அந்தப் பஞ்சில் விழுகிறது. எவ்வளவு விழுந்தது என்று அளக்க அங்கே சென்சார் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இத்தனை என்று போர்டில் இருக்கும் ஈப்ராம் என்ற சின்ன மெமரி சிப்பில் ஒரு கணக்கு ஏறிக்கொண்டே போகும், குறித்த எண்ணைத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும். பஞ்சு உண்மையில் நிறைந்ததா, பாதி காய்ந்து கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நம் ஊர் வெயிலில் தண்ணீர்ப் பகுதி ஆவியாகிப் போய், பாதிக்கு மேல் இடம் இருக்கும்போதே பூட்டிக்கொண்ட பிரிண்டர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, பழைய பேப்பரை நிறைய விரித்து வைத்துத் தட்டை எடுங்கள். பஞ்சுத் துண்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இதை மறந்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள்தான் அதிகம். குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து கழுவினால் கடைசியில் வெளிர் நீலமாகத்தான் ஓடும், அது போதும். நன்றாகக் காய வையுங்கள், ஈரத்தோடு போடக் கூடாது. கடையில் ஓட்டம் அதிகம் என்றால் பஞ்சை நம்ப வேண்டாம். அந்த டியூபை நீட்டி வெளியே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டுவிடலாம், பாட்டில் பிரிண்டரைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கண்ணாலேயே தெரியும், நிறைந்ததும் கொட்டிக்கொள்ளலாம். நான் கடைக்காரர்களுக்கு இப்படித்தான் செய்து கொடுக்கிறேன்.

அப்புறம் கணக்கைப் பூஜ்ஜியமாக்குவது. இங்கேதான் கவனம் வேண்டும். 'இலவச ரீசெட்' என்று இணையத்தில் கிடப்பதில் பாதி வைரஸ். வாடிக்கையாளர்களின் ஆதார் கார்டு, சான்றிதழ் எல்லாம் இருக்கும் கடைக் கம்ப்யூட்டரில் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள். பக்கத்தில் நம்பகமான பிரிண்டர் மெக்கானிக் யாராவது இருப்பார், ரீசெட்டுக்கு மட்டும் சில நூறு ரூபாய் வாங்குவார். அவரிடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ராத்திரி கடை மூடும்போது சுவரில் இருக்கும் சுவிட்சை அப்படியே அணைத்துவிடுகிறீர்களா? அதைச் செய்யாதீர்கள். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் தன் இடத்தில் போய் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஹெட் காய்ந்து, கிளீனிங்குக்கு மேல் கிளீனிங் கொடுக்க வேண்டிவரும், அந்த இங்க் எல்லாம் பஞ்சுக்குத்தான் போகும்.


பதில் 2: பாதுகாப்பு_முதலில்

நான் ஒரு சர்வீஸ் சென்டரில் 6 வருடம் வேலை பார்த்தவன், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. மேலே சொன்னதில் தொழில்நுட்பத் தவறு எதுவும் இல்லை, ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கு வீணாக வைத்ததில்லை. பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் இரண்டு தடவை மூன்று தடவை பூஜ்ஜியமாக்கிக் கொண்டுவந்த பிரிண்டர்களைத் திறந்திருக்கிறேன். உள்ளே இங்க் குளமாக நின்று பவர் சப்ளை போர்டில் ஏறியிருந்தது. அப்படி ஒருவர் வீட்டில் மேசை, அதன் கீழே பெட்டியில் இருந்த பட்டுப்புடவை எல்லாம் கறையாகிவிட்டது, அவர் எங்களிடம்தான் சண்டைக்கு வந்தார்.

'நாமே ரிப்பேர்' என்ற ஆர்வத்தில் எல்லாவற்றிலும் கை வைக்கிறார்கள், அது எனக்குப் பயமாக இருக்கிறது. மைக்ரோவேவ் அவனில் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். உப்பிப்போன போன் பேட்டரியை ஸ்குரு டிரைவரால் நெம்பி எடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதையே செய்கிறார்கள், குத்திவிட்டால் தீ பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று அணையாது. ஃபேன் கெப்பாசிட்டர், மிக்ஸி கார்பன் பிரஷ், கிரைண்டர் பெல்ட் மாற்றுவது வேறு, இது வேறு. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று தெரியாதவர் கைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது.


பதில் 3: சால்டரிங்_மதுரை

அண்ணே, பஞ்சை மாற்றாமல் கணக்கை அழிக்கக் கூடாது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை, அதனால்தான் முதலில் கழுவச் சொன்னேன். மைக்ரோவேவ் பற்றிச் சொன்னதும் சரிதான், நானே அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவேன்.

ஆனால் நீங்கள் சொல்லும் ஆபத்தை எல்லாம் கம்பெனி சொல்லிக்கொடுத்தால் தீராதா? புது மாடல்கள் சிலவற்றில் இதே பஞ்சைத் தனிப் பெட்டியாக வைத்து, நாமே இழுத்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று செருகும்படி செய்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுகிறார், யாருடைய மேசையும் கறையாகவில்லை. அப்படியென்றால் முந்தின மாடலிலும் செய்திருக்க முடியும்தானே? முடியும் என்று தெரிந்தும் செய்யாமல் விட்ட ஒன்றைப் பாதுகாப்பு என்று சொன்னால் எனக்கு ஏற்க மனம் வரவில்லை.

லேசர் பிரிண்டரில் டோனர் தூளோடு போடும் 12ஏ கார்ட்ரிட்ஜ் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் அது ஓடாத ஜெராக்ஸ் கடை எது? அதில் சிப் கிடையாது. டோனர் தீர்ந்தால் பக்கவாட்டைத் திறந்து பழையதைத் தட்டிவிட்டு நிரப்பினோம், டிரம் தேய்ந்தால் டிரம், பிளேடு போனால் பிளேடு. ரீஃபில் தொழிலால் எத்தனை குடும்பங்கள் பிழைத்தன, எத்தனை பையன்கள் அதில் கற்றுக்கொண்டு சொந்தக் கடை போட்டார்கள்! நானும் அதில் ஒருவன். இப்போது வரும் பல கார்ட்ரிட்ஜ்களில் பக்கத்தை எண்ணும் சிப் இருக்கிறது. உள்ளே தூள் இருந்தாலும் சிப் தீர்ந்துவிட்டது என்று சொல்லும். என்னிடம் வேலை கற்க வரும் பையன் இன்றைக்கு எதைத் திறந்து எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்? எனக்கு ராத்திரி தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான்.


பதில் 4: நுகர்வோர்_குரல்

சட்டம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, நுகர்வோர் வழக்குகளில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்த அனுபவம் உண்டு.

உங்கள் பிரிண்டர் வாரண்டி தாண்டியது, அதனால் திறந்ததால் இழக்க ஒன்றும் இல்லை. சொந்தப் பொருளைத் திறப்பது குற்றம் இல்லை. 'டிஜிட்டல் பூட்டை உடைப்பது' என்று பயமுறுத்துகிறார்களே, அது நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு. அதைப் படித்துப் பாருங்கள்: பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்குத்தான் தண்டனை. நீங்கள் எதையும் திருட்டுத்தனமாக நகலெடுக்கப் பூட்டைத் திறக்கவில்லை, பஞ்சை மாற்றிவிட்டு ஒரு எண்ணை அழிக்கிறீர்கள். அமெரிக்காவின் 1998 சட்டம் இதைவிடக் கடுமையானது. அங்கே நோக்கம் எதுவானாலும் பூட்டைத் திறப்பதே பொதுவாகத் தடை, விதிவிலக்கு வேண்டும் என்றால் 3 வருடத்துக்கு ஒரு முறை பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். டிராக்டர், போன், ஐஸ்கிரீம் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி வாதாடி வாங்கியிருக்கிறார்கள். நம் சட்டம் அந்த வகையில் எவ்வளவோ மேல். ஒரு எச்சரிக்கை மட்டும்: ரீசெட்டுக்குப் பயன்படுத்துவது கம்பெனியின் சொந்த சர்வீஸ் சாஃப்ட்வேரைக் கசியவிட்ட நகல் என்றால், அந்த நகலுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் தனியாக உண்டு. அதற்காகவும் சேர்த்துத்தான் முதல் பதிலில் சொன்னபடி மெக்கானிக்கிடம் போவது நல்லது.

நம் நாட்டில் இந்தச் சண்டை காரிலேயே ஆரம்பித்துவிட்டது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க மறுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்புறம் மேல்முறையீடு, வழக்கு என்று இழுத்துக்கொண்டு போனது வேறு கதை. தெருமுனை மெக்கானிக்கை ஒதுக்கிவைப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று ஒரு அரசு அமைப்பு எழுத்தில் சொன்னதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது நீக்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று 4 துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, ஒரு இணையதளமும் திறந்தார்கள். நிறுவனங்கள் விரும்பினால் தங்கள் கையேடு, உதிரி பாக விவரங்களை அதில் போடலாம். விரும்பினால் என்பதுதான் குறை. கட்டாயச் சட்டம் வேண்டும். பிரான்ஸில் 2021-ல் ஸ்மார்ட்போன், வாஷிங் மெஷின் போன்றவற்றை விற்கும்போதே பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று 10-க்கு மார்க் போட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். நம் ஃபிரிட்ஜில் மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டுவது போல. அப்படி ஒன்று இருந்திருந்தால் 14,000 ரூபாய் கொடுக்கும்போதே உங்களுக்குப் பஞ்சுக் கதை தெரிந்திருக்கும்.


பதில் 5: வடமராட்சியான்

தங்கச்சி, நான் இப்போது இருப்பது ரொறன்ரோவில். பிரிண்டர் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1990-இல் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கறண்ட் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, ரோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்த பொருட்களில் இருந்தது. எனக்கு அப்போது 13 வயது. அந்த வருடங்களில் எங்கள் ஊர் எப்படி ஓடியது தெரியுமா? மண்ணெண்ணெயில் ஓடியது. மோட்டார் சைக்கிள், ஏ-40 கார், மொறிஸ் மைனர், எல்லாம். குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது, அது ஆவியாகாது. அதனால் எங்கோ பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டுகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் ஆக்குவார்கள், இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. பிளக் கரி பிடித்து நின்றுவிடும், இறங்கிக் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு ஓட வேண்டும். அப்படி ஓடிய காரில்தான் என் தங்கையைப் பெற அம்மாவை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்றுவோம். வேகம் குறைந்தால் குரல் அமுங்கும், 'சுத்தடா, சுத்தடா' என்று அப்பா கத்துவார். படிப்பதற்கு ஜாம் போத்தலுக்குள் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து வைத்துச் சின்னத் திரி போட்ட விளக்கு. நான் ஓ.எல் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இயந்திரங்களும் இடம் கொடுத்தன. காபரேற்றர் கைக்கு எட்டியது, நாலு ஸ்குரூவில் கழன்றது. யார் கழற்றினார், என்ன எண்ணெய் ஊற்றினார் என்று அது கேட்கவில்லை. இன்று என் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்தப் பாகத்தைக் கணினியில் பதிவுசெய்யும்வரை எச்சரிக்கை விளக்கு அணையாது. இப்படி ஒரு வாகனத்தை வைத்துக்கொண்டு அந்த 1990-களை எங்கள் ஊர் கடந்திருக்குமா? என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கனடாவில் 2024 நவம்பரில் சி-244 என்ற சட்டம் நிறைவேறியது. பழுது பார்க்கவும் பராமரிக்கவும் டிஜிட்டல் பூட்டைத் திறப்பது இனிப் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அது சொல்கிறது. ஆனால் உதிரிப் பாகத்தையோ கையேட்டையோ தர வேண்டும் என்று கம்பனியை அது கட்டாயப்படுத்தவில்லை. அதுவும் வர வேண்டும்.

நீங்கள் பஞ்சைக் கழுவுங்கள், தங்கச்சி. அது உங்கள் பிரிண்டர்.


பதில் 6: பெங்குவின்_பிரியன்

முதலில் ஸ்கேனருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் எதையும் அழிக்க வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை (உபுண்டு அல்லது மின்ட் வகை) ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். சேன் என்று ஒரு திட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது, பழைய ஸ்கேனர்களுக்கான டிரைவர்களைத் தன்னார்வலர்கள் எழுதி எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எல்லா மாடலும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கம்பெனி கைவிட்ட நிறைய ஸ்கேனர்கள் அதில் எழுந்து நிற்கின்றன. உங்கள் ஸ்கேனரில் மோட்டாரோ விளக்கோ கெடவில்லை. அதோடு பேசத் தெரிந்த நிரல் புது விண்டோஸுக்கு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

பிரிண்டர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு ஒரு பிரிண்டர். நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று சொல்லும் கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டர் தகராறில் இருந்துதான் தொடங்கியது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். பிரிண்டர் வேறு மாடியில் இருந்ததால், அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால்தான் சிக்கியது தெரியும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு முன் இருந்த பிரிண்டரின் நிரலை மாற்றி, பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்கள் எல்லோருடைய திரையிலும் செய்தி வரும்படி செய்திருந்தார். சின்ன மாற்றம், எல்லோருக்கும் உதவியது. புதுப் பிரிண்டருக்கும் அதையே செய்யலாம் என்று மூல நிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்த நிரலை வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனதில் தங்கிவிட்டது. 1983 செப்டம்பரில் அவர் அப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார், நான் சொன்ன லினக்ஸ் பென் டிரைவில் ஒரு முக்கியப் பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது பிரிண்டரில் இருந்து ரயிலுக்கு வந்துவிட்டது. போலந்தில் சில மின்சார ரயில்களை, அவற்றைத் தயாரித்த நிறுவனத்துக்கு வெளியே, வேறொரு பட்டறையில் பராமரிப்புக்குக் கொடுத்தார்கள். வேலை எல்லாம் சரியாக முடிந்தும் ரயில் கிளம்பவில்லை. எந்தப் பாகத்திலும் குறை தெரியவில்லை. கடைசியில் டிராகன் செக்டர் என்ற குழுவைச் சேர்ந்த கணினி வல்லுநர்களை அழைத்தார்கள். ரயிலின் கணினியை ஆராய்ந்த அவர்கள், போட்டிப் பட்டறைகளின் ஜிபிஎஸ் இடக்குறிகள் நிரலுக்குள் இருந்தன, அங்கே சில நாட்கள் நின்றால் ரயில் பூட்டிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது என்று 2023 டிசம்பரில் வெளியே சொன்னார்கள். தயாரித்த நிறுவனம் அதை மறுத்தது, அவர்கள் மேல் வழக்கும் போட்டது. அந்த வழக்கு எப்படிப் போனாலும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழி இருந்ததால்தான் ஊர் மக்கள் பயணம் செய்யும் ரயில் ஏன் நின்றது என்பதற்கு ஒரு விடையாவது கிடைத்தது.

அக்காவுக்கு இன்னொரு யோசனை. அடுத்த முறை எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன் அந்த மாடலின் பெயரோடு பேட்டரி மாற்றுவது, பேட் மாற்றுவது, திறப்பது என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். தமிழிலேயே நிறையப் பேர் போடுகிறார்கள். ஒரு வீடியோவும் இல்லை, உதிரி பாகமும் கடையில் கிடைக்கவில்லை என்றால் விலை குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.


பதில் 7: பாதுகாப்பு_முதலில்

எல்லாவற்றையும் படித்தேன். யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியது மனதைத் தொட்டது.

நான் வேலையை விட்டதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாஷிங் மெஷின் போர்டில் ரிலே என்ற 40 ரூபாய் சின்ன சுவிட்ச் போயிருக்கும். எனக்குத் தெரியும், மாற்றவும் தெரியும். ஆனால் போர்டை ரிப்பேர் செய்யக் கூடாது, முழு போர்டாகத்தான் மாற்ற வேண்டும் என்று உத்தரவு. 7,000 ரூபாய் பில்லை வாடிக்கையாளர் கையில் நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு நாள் ஒரு வயதானவர் பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்னால் அந்த வேலையில் இருக்க முடியவில்லை.

ஆபத்து உள்ளதை எச்சரிக்கையோடு செய்ய வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். அதற்காக எதையும் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் கடை அக்கா, நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் நான் இருக்கிறேன். மெக்கானிக் கிடைக்கவில்லை என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தருகிறேன்.


கேள்வி கேட்டவரின் பதில்: ஜெராக்ஸ்கடை_தென்காசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன், கடையில் கூட்டம்.

பஞ்சைக் கழுவினோம். அண்ணன் மகன்தான் செய்தான், நான் படம் எடுத்தேன். கிணற்றடியில் அரை மணி நேரம் கருநீலமாக ஓடியது, அண்ணி திட்டினாள். இரண்டு நாள் மொட்டை மாடியில் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை 'பாதுகாப்பு_முதலில்' அண்ணன் சொன்னபடியே வந்தார். தன் சொந்த லேப்டாப்பில் வைத்துத்தான் ரீசெட் செய்தார், கடைக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம். சிவப்பு விளக்கு அணைந்ததும் முதலில் எடுத்த பிரிண்ட் அந்தப் பாட்டியின் ரேஷன் கார்டுதான், கம்ப்யூட்டரில் பாதியில் நின்ற கோப்பு அப்படியே இருந்தது. பாட்டி அன்றைக்கே வேறு கடையில் எடுத்துக் கொடுத்துவிட்டாராம், இருந்தாலும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

டியூபை வெளியே எடுத்துப் பாட்டில் வைத்துவிட்டோம். பாட்டில் மேல் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். ராத்திரி பிரிண்டர் பட்டனை அழுத்திவிட்டுத்தான் சுவர் சுவிட்சை அணைக்கிறேன்.

ஸ்கேனர் லினக்ஸில் வேலை செய்கிறது! பென் டிரைவைப் போட்டதும் எதுவும் கேட்காமலே எடுத்துக்கொண்டது. பெங்குவின்_பிரியன் தம்பிக்கு ஒரு சந்தேகம்: அதில் தமிழ்99 விசைப்பலகை எப்படிப் போடுவது? கடையில் மனு டைப் செய்ய வருபவர்களுக்கு வேண்டும்.


பதில் 8: பெங்குவின்_பிரியன்

ரொம்ப மகிழ்ச்சி அக்கா. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள்ளேயே தமிழ்99 இருக்கும். இல்லாவிட்டால் தமிழ் போன்ற மொழிகளில் டைப் செய்ய உதவும் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள், அதில் நிச்சயம் இருக்கிறது. பென் டிரைவில் இருந்து ஓட்டும்போது போட்டது மறுமுறை போய்விடும், ஆகவே பழைய கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் அதில் நிரந்தரமாக நிறுவிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் தடுக்கினாலும் திரையைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள்.